ஆயிரத்துக்கு முக்கால் கிலோ

காரிமங்கலத்தில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி, கார் ரிப்பேர் பார்க்கிற அவருடைய தகரக் கொட்டகைக்கு முதல்முறை போனபோது, அவர் என் காரைத் தொட மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. அவர் மாதாகோயிலுக்குப் போயிருந்தார். வரும்வரை வேப்பமர நிழலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் வண்டி ஆறிப்போயிருந்தது. அதுதான் நான் செய்த குற்றம். பானெட்டின் மேல் புறங்கையை வைத்து, குழந்தைக்குச் சுரம் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"கிருஷ்ணகிரி வரைக்கும் போய்ட்டு வந்துருங்க தம்பி. ஆறிப்போன வண்டிகிட்ட நான் பேசறதில்லைங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கோயில் சட்டையை மாற்றிக்கொண்டு வேலைச் சட்டை போட ஆரம்பித்தார். நான் போய்விட்டு வந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பிறகு ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறேன். தருமபுரியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிப்பவன் நான். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும். நாற்பத்து நான்கு வயதில், தொப்பை ஸ்டியரிங்கை முட்டத் தொடங்கிய அதே வருஷம், பெங்களூரில் ஒருவரிடமிருந்து டர்போ வைத்த பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கினேன். கம்பெனி கொடுத்த பலம் போதாதென்று அந்த மனிதர் கம்ப்யூட்டரை மாட்டி என்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் பலம் ஏற்றி வைத்திருந்தார். இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரி போய்த் திரும்பியதும் அவரிடம் பெருமையாகச் சொன்னேன்: ஆயில் லைட் ஒருமுறைகூட எரியவில்லை, அதனால் ஆயில் பிரஷர் பிரமாதமாகத்தான் இருக்கும். அவர் என்ஜினில் அந்த லைட்டுக்கு உயிர் கொடுக்கிற சின்ன சுவிட்சைக் கழற்றினார். அதே துளையில் ஒரு ரப்பர் குழாயை முடுக்கினார். குழாயின் மறுமுனையில் பித்தளை உடம்பும் வெள்ளை முகமும் கொண்ட, பிரஷரை முள்ளால் காட்டுகிற ஒரு கேஜ். அதை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"அந்தச் செவப்பு லைட்டு இருக்குதே, அது சாவுக்குச் சொல்லி அனுப்பற ஆளுங்க. அது வந்து நிக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். நமக்கு நோவு ஆரம்பிக்கறப்பவே சொல்ற ஆளு வேணும். அது இந்த முள்ளுதான்."

கண்ணீர் அஞ்சலி அடிப்பவனுக்கு இது உடனே புரிந்தது.

அடுத்து ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து, மூக்கருகே கொண்டுபோனார். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்றார். என்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலை நீர்த்துப்போக வைத்துவிடுமாம். பிறகு, யாரையும் குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்வதுபோல், இந்த வண்டி வீட்டுக்கும் டீக்கடைக்கும் நடுவில் மட்டும்தான் ஓடுகிறது என்றார். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய காரை நான் தினமும் எங்கே ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கும் டீக்கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அதை ஒரு குச்சி காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர் பிரஷரைக் கிலோவில்தான் சொல்வார். போர்வெல் லாரியில் கம்ப்ரஸர் ஓட்டியவர். பாறையைத் துளைக்கிற சுத்தியலுக்குக் காற்றடிக்கும் பெரிய டீசல் என்ஜின் பக்கத்தில் பதினெட்டு வருஷம் நின்றவர். என்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றுகிற ஆயிரம் சுற்றுக்கு முக்கால் கிலோ பிரஷர் காட்ட வேண்டும், இரண்டாயிரத்துக்கு ஒன்றரை, நாலாயிரத்துக்கு மூன்று. இது அவருடைய அளவு. அதுவும் நன்றாகச் சூடேறிய பிறகு. ஆறிப்போன என்ஜினில் எந்தக் கழுதையும் ஐந்து கிலோ காட்டும் என்பார்.

அவரை ஊரில் சிலர் கிறுக்கு என்பார்கள். அந்தக் கிறுக்கு வண்டியோடு நிற்காது என்பதால்தான். எதைப் பற்றியும், யாரைப் பற்றியும், சூட்டில் பார்க்காமல் அவர் வாயைத் திறக்கமாட்டார். புதிதாகத் திறந்த ஓட்டலில் தோசை எப்படி என்று கேட்டால், கூட்டம் நெரிகிற நேரத்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வார். அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்த பையனைப் பற்றி வீட்டில் எல்லோரும் நல்லவிதமாகச் சொல்லிவிட்டார்கள். இவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பையனைத் தீர்த்தமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சித்திரை மாதம், பகல் ஒன்றரை மணி. நீங்கள் மாதாகோயில்காரர், அங்கே என்ன வேலை என்று நான் கேட்டேன்.

"சாமி கும்பிடவாங்க போனேன்? அங்க படி இருக்குது, வெயில் இருக்குது."

பையன் பாதி மலையில் உட்கார்ந்துவிட்டானாம். மாமா, என்னால முடியலைங்க, நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறேன் என்றானாம். அந்த இடத்திலேயே இவருக்குப் பையனைப் பிடித்துப்போய்விட்டது. மூச்சு வாங்க மேலே ஏறிவந்து ஒன்றும் ஆகாததுபோலச் சிரித்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்றார். முடியாததை முடியாது என்று சூட்டில் சொல்கிறவன் பொய் சொல்லமாட்டானாம். இன்று அந்த மருமகன் ஓசூரில் இருக்கிறார். மாமனார் கூப்பிட்டால் முதலில் எங்கே என்று கேட்டுக்கொள்கிறார்.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. என் காரில் நிரந்தரமாக ஒரு பிரஷர் கேஜ் மாட்டித் தந்திருந்தார். டாஷ்போர்டுக்கு மேலே வட்டமாக இருக்கும். என்ஜினில் மாட்டிய ஒரு சென்சாரிலிருந்து ஒயர் வழியாகச் சேதி வரும். அது வந்த நாளிலிருந்து நான் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு முள்ளைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தேன். சூடேறி நின்ற நிலையில் ஒன்றேகால் கிலோ காட்டியது. நல்ல அளவுதான். எனக்குப் போதவில்லை. தொப்பூர்க் கணவாய் ஓரத்தில் ஒரு டீக்கடையில் லாரி டிரைவர் ஒருவர், ஆயில் எவ்வளவு கெட்டியோ என்ஜினுக்கு அவ்வளவு பாதுகாப்பு என்று சொல்லிவைத்தார். அவருடைய லாரி பதினாறு டன் இரும்போடு நின்றது. என் கார் ஒரு தொப்பையோடு நின்றது. இந்த வித்தியாசத்தை யோசிக்காமல், நானே இருபது-ஐம்பது கெட்டி ஆயிலை வாங்கி ஊற்றிவிட்டேன்.

மார்கழிக் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் முள் ஏழு கிலோவுக்குப் பாய்ந்தது. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். கீழே கைதட்டுகிற பொம்மை வேறு. பதிலுக்கு ஃபோனே வந்தது. உடனே என்ஜினை நிறுத்தச் சொன்னார். கொட்டகைக்குப் போனதும் ஆயிலைப் பாத்திரத்தில் வடித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"உங்க வூட்டுல காலையில களியைக் கரைக்காம அப்படியே டம்ளர்ல ஊத்திக் குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"டர்போ சுத்தற இடத்துல ஆயில் போற ஓட்டை இந்தப் பேனா ரீஃபில் தடிமன்தான் இருக்கும். அதுல களிய ஊத்திட்டு முள்ளு ஏறுதுன்னு கைதட்டறீங்க. பிரஷருங்கறது ஆயில் போறதோட அளவு இல்லீங்க தம்பி. போக முடியாம முட்டிக்கிட்டு நிக்கறதோட அளவு."

டப்பாவில் போட்டிருக்கும் இரண்டு எண்களையும் அன்றைக்குத்தான் எனக்குப் புரியவைத்தார். முதல் எண் காலைக் குளிருக்கு. சின்னதாக இருந்தால் ஆயில் சீக்கிரம் ஓடிப் போய்ச் சேரும். இரண்டாவது எண் மத்தியானச் சூட்டுக்கு. அப்போதும் நீர்த்துப்போகாமல் தாங்க வேண்டும். கம்பெனி ஐந்து-முப்பது சொல்லியிருக்கிறது, நீங்கள் அடித்து ஓட்டினால் ஐந்து-நாற்பது போதும், அதற்குமேல் போனால் அது ஆசை, அளவு இல்லை என்றார். நான் தலையாட்டினேன். என் மனைவியின் காதுக்கு இந்தக் களி விஷயம் எப்படியோ போய்விட்டது. ஒரு மாதம் எனக்குக் களியை டம்ளரில்தான் வைத்தாள்.

இனி மச்சான். என் மனைவியின் தம்பி, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அவனிடமும் ஏறக்குறைய என்னுடையதைப் போன்ற ஒரு கார். மூன்று வருஷமாக ஒவ்வொரு விசேஷத்திலும், மாமாவோட கார் நிறுத்தி வைக்கறதுக்குன்னே செஞ்சது என்று சொல்லிச் சொந்தக்காரர்களைச் சிரிக்க வைத்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கில், நம்மைப் போன்றவர்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் நேரம் குறித்து ஓட்டலாம் என்று கேள்விப்பட்டதும் பந்தயம் கட்டினோம். மத்தியானம் நடக்கும் கடைசிச் சுற்றில் எவன் நேரம் அதிகமோ, அவன் மாட்டுப்பொங்கல் அன்று மாமனார் வீட்டு வாசலில், அரூர்ச் சொந்தம் மொத்தமும் பார்க்க, மற்றவனுடைய காரைக் கழுவ வேண்டும். மாடு கழுவுகிற நேரத்தில், மாடு கழுவுகிற இடத்தில். நேரம் குறிக்கப்படவில்லை என்றால் தோற்றதாக அர்த்தம்.

யார் ஜெயிக்க வேண்டும் என்று என் மனைவியிடம் கேட்டேன். ஒண்ணு பொறந்த வூடு, ஒண்ணு புகுந்த வூடு, யாரு கழுவுனாலும் எனக்கு ஒரு கார் சுத்தமாகும் என்றாள்.

கொட்டகைக்குப் போய் அவரையும் டிராக்குக்கு வரச்சொல்லிக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். புது ஐந்து-நாற்பது ஆயில் ஊற்றினார். பித்தளைக் கேஜைத் துணியில் சுற்றித் தோல்பையில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். வழியெல்லாம் போர்வெல் லாரியோடு ராஜஸ்தான் போன கதை. ஒரு கிராமத்தில் அறுநூறு அடி துளைத்தாயிற்று, ஊரே தண்ணீருக்காகச் சுற்றி நிற்கிறது. பகல் இரண்டு மணிக்குக் கம்ப்ரஸர் என்ஜினின் முள் மெதுவாக இறங்கியது. இவர் என்ஜினை நிறுத்திவிட்டார். முதலாளி திட்டினார், ஊர் கல்லெடுத்தது. திறந்து பார்த்தால் ஆயில் உறிஞ்சுகிற குழாயில் வெடிப்பு. இன்னும் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தால் என்ஜின் இறுகிப்போயிருக்கும். சரிபண்ணி மூன்றாம் நாள் மறுபடி ஓட்டினார்கள். தண்ணீர் வந்தது. கல்லெடுத்தவர்களே சோறு போட்டார்கள்.

அவர் சொன்னால் எதையும் நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றியது அப்படித்தான்.

டிராக்கில் வாடகை ஹெல்மெட் என் தலையில் பாதி வழியில் நின்றுவிட்டது. காதுகளை மடித்து உள்ளே தள்ளித்தான் போட வேண்டியிருந்தது. ஆனால் காலை ஓட்டங்களில் ஓர் அதிசயம் நடந்தது. மூன்றாவது சுற்றில் மச்சானைவிட ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரத்தில் வந்துவிட்டேன். நானே நம்பவில்லை. நேரம் குறிப்பவரிடம் போய் வேறு யாருடைய காராவது சிவப்பா என்று விசாரித்தேன். மச்சான் முதல்முறையாக என்னை ஜோக்கடிக்காமல் பார்த்தான்.

மதியம், கடைசிச் சுற்றுக்கு முன் சூடேற்றும் ஓட்டம் முடித்து உள்ளே வந்து நின்றேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முள்ளைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஒன்றேகால் காட்ட வேண்டிய இடத்தில் அரைக் கிலோ. லேசாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னார். மூவாயிரம் சுற்றுக்கு ஒன்றரைக்கு மேல் ஏறவில்லை. கையை உள்ளே விட்டு என்ஜினை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எறங்குங்க தம்பி."

"ண்ணா, ஒரே ஒரு ரவுண்டு. ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷத்துல பேரிங்கு போயிரும். எறங்குங்க."

இறங்கினேன். ஹெல்மெட் கழலவில்லை. மச்சான் கடைசிச் சுற்றை ஓட்டி முடித்து நேரம் வாங்கிக்கொண்டு வந்தபோது, காது மடங்கிய தலையோடு நான் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். காரை ஒரு லாரியில் ஏற்றினோம். தொப்பூர்க் கணவாயில் என் சிவப்புக் கார் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு மேலே போனதை, நான் பின்னால் மச்சானுடைய காரில் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். அவன் அந்த வழி முழுக்கப் பாட்டுப் போட்டான்.

ஆனால் இரண்டே நாளில் என் வருத்தம் மாறிவிட்டது. தோற்றதைவிட, ஒரு மனிதர் என் என்ஜினைச் சாவிலிருந்து பிடுங்கிவந்தார் என்ற கதை சொல்வதற்கு நன்றாக இருந்தது. டீக்கடையில் சொன்னேன், கல்யாண மண்டபத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல முள் இறங்கிக்கொண்டே வந்து பூஜ்யத்தைத் தொட்டது. என்ஜினைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். பேனர்காரன் பொறுப்பானா? நான்காம் நாள் எட்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஒன்று அடித்துவிட்டேன். மகள் கல்யாணப் போட்டோவிலிருந்து அவர் முகத்தை வெட்டியெடுத்து, அதற்குக் கோட்டு சூட்டு மாட்டி, பின்னால் ஒரு சிங்கம், நான்கு பிஸ்டன். "முள்ளைப் பார்த்தார்! சாவியைப் பறித்தார்! என்ஜினைக் காத்தார்!" ஓரத்தில் கும்பிட்டபடி நான். அவருடைய பெயரை மூன்றடி உயரத்துக்குப் போட்டேன். இங்கே அந்தப் பெயரை எழுதாமல் இருப்பதற்கு அந்த மூன்றடிதான் காரணம்.

அவருக்குச் சொல்லாமல் கொட்டகைக்கு எதிரே கட்டவைத்தேன். சந்தை நாள் வரட்டும், கூட்டத்தோடு பார்க்கலாம் என்று காத்திருந்து போனேன். மாலை போடுவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு டீயாவது எதிர்பார்த்தேன்.

கொட்டகைக்குள் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் இரும்புச் சட்டி, சட்டியில் கொதிக்கக் கொதிக்க பழைய என்ஜின் ஆயில். அதில் என் காரின் சென்சார் தலைகீழாக மூழ்கிக் கிடந்தது. ஒரு பக்கம் காற்றுக் குழாய், ஒரு பக்கம் என் காரிலிருந்து கழற்றிய கேஜுக்குப் போகிற ஒயர். காற்றுக் குழாயில் பித்தளைக் கேஜையும் மாட்டியிருந்தார். உட்காரச் சொன்னார். ஸ்டவ்வை அணைத்து, சென்சாரை வெளியே எடுத்து ஆறவிட்டார். பிறகு சரியாக இரண்டு கிலோ காற்றைக் கொடுத்தார். பித்தளைக் கேஜ் இரண்டு. என் கேஜும் இரண்டு. மறுபடி சட்டியில் போட்டு ஸ்டவ்வை ஏற்றினார். சூடு ஏற ஏற, காற்று அதே இரண்டு கிலோவில் நிற்க, பித்தளை முள் அசையாமல் நிற்க, என் முள் மட்டும் மெல்ல மெல்ல இறங்கி முக்காலில் போய் நின்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதவன்போல உட்கார்ந்திருந்தேன்.

"என்ஜினத் தெறந்து பேரிங்கு அத்தனையும் பாத்துட்டேங்க. புதுசாட்டம் இருக்குது. ஆயில் பம்பு நல்லா இருக்குது. வண்டிக்கு ஒண்ணுமே இல்லீங்க. நீங்க அன்னைக்கு ஓட்டிருக்கலாம்."

சென்சாரைச் சட்டியிலிருந்து எடுத்து ஸ்டவ் பக்கத்தில் வைத்தார்.

"ரோட்டுச் சூட்டுல சரியா சொன்ன கேஜு, டிராக் சூட்டுல பொய் சொல்லிருக்குது. பித்தளைக் கேஜு என் பைக்குள்ளதான் இருந்துச்சு. மாட்டிப் பாக்க அஞ்சு நிமிஷம் ஆவும். பாக்கல. நான் மாட்டுன கேஜுதானேங்கற திமிரு. உலகத்துல எல்லாத்தையும் சூட்டுல பாக்கறவன், இந்தச் சென்சாரை மட்டும் ஆறுனதுல பாத்து மாட்டிட்டேன்."

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைகள் மட்டும் அந்த வெள்ளைத் துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தன. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும், வேகத்தடையில் வயிறு இடிக்கிற அளவுக்குத் தாழ்த்திய கார்களை மெதுவாக உருட்டிக்கொண்டு இங்கே வருகிறவர்கள் இவருடைய கொட்டகையைப் பார்த்து வருவதில்லை. இவர் ஒன்று சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்பதற்காக வருகிறார்கள். இவரிடம் இருக்கும் ஒரே சரக்கு அதுதான்.

எனவே நான் என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். இந்தச் சட்டி விஷயம் நமக்குள் இருக்கட்டும். என்ஜின் தப்பித்தது என்றே இருக்கட்டும். ஊருக்கும் அந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. நான் தோற்றது தோற்றதுதான், இனி மாறப்போவதில்லை. பேனரும் நன்றாக வந்திருக்கிறது.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். எதிரே சிங்கத்தோடு அவரே நின்றுகொண்டிருந்தார்.

"அதப் பாத்துட்டு வர்றவன், நாளைக்கு நான் தப்பா எறங்குன்னு சொன்னாலும் எறங்கிருவான் தம்பி. எதுக்குன்னு கேக்க மாட்டான். நீங்களே கேக்கலையே."

பக்கத்துக் கடையில் ஏணி வாங்கி வந்தார். நான் அவிழ்க்கிறேன் என்றேன். தொப்பையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். சந்தைக் கூட்டம் நெரிகிற நேரம். ஏணிமேல் ஏறி அவரே தன் முகத்தை அவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒவ்வொருவராக நின்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மேலிருந்தபடியே பதில் சொன்னார். நல்ல வண்டியைக் கெட்ட வண்டி என்று சொல்லிவிட்டேன், அதனால் இறக்குகிறேன். ஆட்டோக்காரருக்குச் சொன்னார். கயிறு விற்கிறவருக்குச் சொன்னார். காது சரியாகக் கேட்காத ஒரு பெரியவருக்கு இரண்டுமுறை சொன்னார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். என்னுடைய பேனர் ஒன்றை இவ்வளவு பேர் நின்று கவனித்தது அன்றைக்குத்தான். இறக்கியதைத் தக்காளிக் கடை அம்மா வெயிலுக்குக் கூரை போடக் கேட்டார், கொடுத்துவிட்டார். அவர் முகம் மடிப்புக்குள் போய்விட்டது. கும்பிட்டபடி நான் மட்டும் தக்காளிக்கு மேல் தொங்கினேன்.

அன்றே மச்சானுக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டார். மாமா மேல் தப்பில்லை, என் மேல்தான், முடிந்தால் இன்னொரு நாள் வைத்து ஓட்டிப் பாருங்கள் என்றாராம். மச்சான் எனக்கு ஃபோன் பண்ணினான். பெரியவர் நேர்மை எல்லாம் சரிதான், ஆனால் நேரம் குறிக்கலைன்னா தோல்வின்னு சொன்னது யாரு, மாமா? நான்தான். அவன் டிராக்குக்கு வராமல் நழுவிவிடுவான் என்ற பயத்தில் நான் சேர்த்த விதி.

மாட்டுப்பொங்கல் அன்று மாமனார் வீட்டு வாசலில் நான்கு மாடுகளும் மச்சானின் வெள்ளைக் காரும் வரிசையாக நின்றன. அரூர்ச் சொந்தம் கரும்போடு வந்து உட்கார்ந்தது. மாமனார் மாடுகளைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினேன். மச்சான் ஃபோனை நீட்டிப் படமெடுக்கத் தயாராக நின்றான். கொம்புக்கும் பெயிண்ட் அடிப்பீங்களா மாமா என்று ஒருத்தி கேட்டாள். அதற்குள் டவுன் பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது.

தெருமுனையிலிருந்து அவர் நடந்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் ஷாம்பு பாட்டில், ஸ்பாஞ்சு, வெள்ளைத் துணி. காரிமங்கலத்திலிருந்து மூன்று பஸ் மாறி அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் மனைவிக்கும் மாமனாருக்கும் வணக்கம் சொன்னார். என்னைப் பார்த்து, தள்ளுங்க தம்பி என்றார்.

"ண்ணா, இது எங்க குடும்ப விளையாட்டு. நீங்க உக்காருங்க."

"விளையாட்டு உங்களுது. தோத்தது நானு."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையில் விரலை விட்டு விட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். கரும்பு கடிக்கிற சத்தம் நின்றுபோனது. நான் அடுத்த சக்கரத்துக்கு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மச்சான் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டிருந்தான்.  பிறகு பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மாட்டுக்குப் பிடித்திருந்த டியூபை மாமனார் கையிலிருந்து வாங்கிவந்து அவருக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடித்தான்.

"ஏங்க, தை கழிச்சு என் வண்டியைக் காரிமங்கலம் கொண்டாரட்டுங்களா? கேஜ் ஒண்ணு மாட்டணும்."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நான் மாட்டுன கேஜுதான் பொய் சொல்லுச்சுன்னு உங்களுக்கு ஃபோன்ல சொன்னேனுங்களே."

"சொன்னீங்க. அதனாலதாங்க கேக்கறேன்."

அவர் தலையை நிமிர்த்தி அவனை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். வெயில் அவன் நெற்றியில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. சரி என்பதுபோல் லேசாகத் தலையசைத்துவிட்டு, சக்கரத்தைக் காட்டித் தண்ணீரை இந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னார்.